தெருவுக்கே ரீஃபண்ட்

மாமாவின் கடைக்குப் புது கம்ப்ரசர் வந்து இறங்கினால், அவர் செய்யும் முதல் வேலை அதன்மேல் ஒட்டியிருக்கும் லேபிளை நகத்தால் சுரண்டிப் பார்ப்பது. அடியில் வேறு லேபிள் இருக்குமோ என்று. அடுத்து அட்டைப்பெட்டியை முகர்ந்து பார்ப்பார். எண்ணெய் வாசனை வந்தால் அது எங்கேயோ கழற்றிய பழைய சாமான் என்பது அவர் கணக்கு. கொண்டுவந்த டிரைவர் கையெழுத்துக்காக நீட்டும் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்பார். இந்த ஒரு வார்த்தையாலேயே கடைத்தெருவில் அவருக்குப் பேர் 'எதுக்கு அண்ணன்' என்று நின்றுவிட்டது.

என் அம்மாவின் தம்பி அவர். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர். கைவேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. கழற்றிய பழைய பாகத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "பார்த்துக்கங்க, மாத்தினேன்னு சொல்லிட்டு மாத்தாம போகலை" என்று சொல்லிவிட்டுத்தான் காசு வாங்குவார். தன்னையும் ஊர் சந்தேகப்படும் என்ற நினைப்பு அவருக்கு.

இந்தக் குணம் பிறவியில் வந்ததில்லை என்பாள் அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நண்பனோடு கூட்டாகக் கடை போட்டாராம். நண்பன் நீட்டிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாராம். நண்பன் ஊரைவிட்டுப் போனதும், அவன் வாங்கிய கடன் மாமா தலையில் விழுந்தது. சூடு கண்ட பூனை. அதற்குப் பிறகு பேங்கு, டாக்டர், பால்காரர், எடைக்கல், வானிலை அறிக்கை எதையும் அவர் முழுசாக நம்பியதில்லை.

அத்தை நேர்மாறு. வெளுத்ததெல்லாம் பால் அவளுக்கு. வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். பிறந்தநாள் கேக் ஆர்டர்கள் போக, பெரிய ரோட்டில் இருக்கும் காபிக் கடைக்கும் தினம் கொடுக்கிறாள். ஆர்டர் கொடுத்தவர்கள் "அப்புறம் தர்றேன்" என்றால் "பரவால்ல, மெதுவா கொடுங்க" என்று சொல்லிவிட்டு மறந்தும் போவாள். "நீங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து சந்தேகப்படுறீங்க, நான் ரெண்டு பேருக்கும் சேர்த்து நம்பிக்கிறேன்" என்பாள் மாமாவிடம். வண்டி அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, அந்த வரி ஆலோசகர் வந்து சேரும்வரை.

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அறை எடுத்துப் பலகை மாட்டினார் அவர். இஸ்திரி கலையாத சட்டை, எப்போது பார்த்தாலும் சிரிப்பு. தனி ஆட்களுக்கும் சின்ன வியாபாரிகளுக்கும் வரிக் கணக்கு தாக்கல் செய்து தருவதாகச் சொல்லிக் கடை கடையாக ஏறி இறங்கினார். முதலில் மாட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கு நல்ல தொகை ரீஃபண்டாக வந்தது. அடுத்து பியூட்டி பார்லர் அக்கா. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? தெருவே மாடிப்படி ஏறியது. வரி கட்டுவது என்றாலே முகம் சுளிக்கும் மனிதர்களுக்கு, கட்டிய வரி திரும்பி வருகிறது என்றால் கசக்குமா?

மாமாவுக்குக் கசந்தது.

"ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு வந்தா சரி. அவங்க அதிகமா கட்டியிருப்பாங்க. அதெப்படி மொத்தத் தெருவும் அதிகமா கட்டியிருக்கும்?" என்று கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டார்.

"உனக்கு வராத வயித்தெரிச்சல்."

"இருக்கட்டும். எதைக் காட்டி வாங்கினாரு?"

"அதெல்லாம் அவர் தொழில் ரகசியம்பா. டாக்டர்கிட்ட மருந்து எப்படிச் செய்றீங்கன்னு கேப்பியா?"

"கேப்பேன்," என்றார் மாமா. உண்மையிலேயே கேட்கக்கூடியவர்தான்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மனசுக்குள் புழு குடைய, ஒரு நாள் மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு மாமாவே அந்த மாடிக்கு ஏறினார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஆலோசகர் தண்ணீர் கொடுத்தார். மாமா குடிக்கவில்லை.

"ரீஃபண்ட் யார் அக்கவுண்டுக்கு வரும்?"

"எங்க அக்கவுண்டுக்கு வரும் சார். எங்க சர்வீஸ் சார்ஜ் மட்டும் எடுத்துக்கிட்டு, மிச்சத்தை அன்னைக்கே கையில கொடுத்துடுவோம்."

"என் பணம் என் அக்கவுண்டுக்கு வராம உங்க அக்கவுண்டுக்கு எதுக்கு வரணும்?"

"உங்களுக்கு அலைச்சல் வேண்டாமேன்னுதான் சார்."

"சார்ஜ் எவ்வளவு?"

"வர்றதுல மூணுல ஒரு பங்கு. வரலைன்னா நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

"அப்போ எவ்வளவு பெருசா வருதோ, அவ்வளவு உங்களுக்கு லாபம்."

"உங்களுக்கும்தானே சார்!"

"பெருசாக்குறதுக்கு என்ன எழுதுவீங்க?"

"அதை எங்ககிட்ட விட்டுடுங்க. உள்ளே நமக்கு வேண்டியவங்க இருக்காங்க. நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்." ஆலோசகர் ஒரு தாளைத் தள்ளினார். கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் குறி இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் எழுதப்படவில்லை.

மாமா எழுந்துவிட்டார். பழைய நண்பனின் முகம் அந்தத் தாளில் தெரிந்ததாம். அவர் கதவுவரை போனதும் ஆலோசகர் பின்னால் இருந்து, அதே சிரிப்போடு சொன்னார்: "உங்க வீட்டுலயே எங்களை நம்பிட்டாங்க. நீங்கதான் சார் யோசிக்கிறீங்க."

மாமா எப்படிப் படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

வேறு ஆளாக இருந்தால் நேரே வீட்டுக்குப் போய், "நீ அந்த ஆள்கிட்ட போனியா?" என்று கேட்டிருப்பார். சந்தேகக்காரர்கள் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! மாமா வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சமையலறையில் புதிதாக ஒரு ஓவன் இருந்தது. இரண்டு தட்டு வைக்கிற பெரிய ஓவன். தம்பி வாங்கிக் கொடுத்தான் என்று அத்தை சொல்லியிருந்தாள். அவள் தம்பி டாக்சி ஓட்டுகிறவன். மாமா அவனுக்குப் போன் போட்டு, நலம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டு, "ஓவன் நல்லா சூடேறுதுப்பா" என்றார்.

"எந்த ஓவன் மாமா?" என்றான் மச்சான்.

அதோடு மாமாவின் தூக்கம் போயிற்று. மாடியில் பார்த்தவரைப் பற்றிய சந்தேகம் பின்னால் போய்விட்டது. வீட்டுக்குள் இருப்பவளைப் பற்றிய சந்தேகம் முன்னால் வந்து உட்கார்ந்தது. இந்த ஒன்றை மறைத்தவள் இன்னும் எதையெல்லாம் மறைத்திருப்பாள்? அத்தை போனில் பேசினால் காதைத் தீட்டினார். காபிக் கடைக்காரர் "அக்கா கேக் பிரமாதம் அண்ணே" என்று சொன்னதற்கு, இவன் எதுக்கு என் வீட்டுக்காரியைப் புகழ்கிறான் என்று என் அம்மாவிடம் வந்து புலம்பினார். அம்மா சீறினாள்: "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. போய் அவகிட்டயே கேளுடா!"

ஒரு சாயங்காலம் கேட்டார். அத்தை ஒரு கேக்கின் மேல் க்ரீம் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஓவன் உன் தம்பி வாங்கினது இல்லை."

அத்தையின் கை நின்றது. பிறகு மறுபடி தடவ ஆரம்பித்தாள். "இல்லை. என் பணத்துல வாங்கினேன்."

"அந்த மாடிக்காரன் கொடுத்த பணம்."

"அவன் கொடுக்கலை. என் ரீஃபண்ட். காபிக் கடையில எனக்குக் காசு கொடுக்கறப்பவே வரி பிடிச்சுக்கறாங்க இல்ல, அது திரும்பி வந்தது."

"என்கிட்ட எதுக்கு மறைச்சே?"

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயர்ந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை. அதுதான் மாமாவைக் குத்தியதாம்.

"சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்? யாரு, என்ன, எதுக்குன்னு என்னைக் குடைஞ்சு எடுத்திருப்பீங்க. ஒரு புடவை வாங்கினா பில்லைக் காட்டணும். ஒரு ஆர்டர் எடுத்தா அவங்க யாருன்னு சொல்லணும். உங்க கேள்விக்குப் பதில் சொல்லியே நான் அலுத்துப் போயிட்டேன். ஒரே ஒரு விஷயமாவது நானா செய்யணும்னு இருந்தது. செஞ்சேன்."

"நீ கையெழுத்துப் போட்ட தாள்ல என்ன எழுதியிருந்துச்சு?" என்று மட்டும் மாமா கேட்டார்.

"வெறும் தாள்தான்," என்றாள் அத்தை. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

மறுநாள் இருவரும் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். போகும் வழியெல்லாம் அத்தைக்கு ஒரே பயம். "என்னைப் பிடிச்சுக் கொடுக்கத்தான் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று பஸ்ஸிலேயே கேட்டிருக்கிறாள். "பைத்தியமா உனக்கு?" என்றாராம் மாமா. ஆனால் இத்தனை வருஷம் அவர் பார்த்த பார்வையை ஒரு பஸ் பயணத்தில் அவள் அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது.

உதவி கவுண்டரில் ஒரு அதிகாரி அம்மா. ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமா அவருடைய அடையாள அட்டையை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். அந்த அம்மா அத்தையின் கணக்கைத் திரையில் திறந்து பார்த்தார்.

"உங்க அப்பா உங்களோடதான் இருக்காரா அம்மா?"

"எங்கப்பா இறந்து ரொம்ப வருஷமாச்சே."

"படுத்த படுக்கையா இருக்காரு, வைத்தியச் செலவு முழுக்க நீங்கதான் பார்க்கறீங்கன்னு இதுல இருக்கு. அந்தச் செலவைக் காட்டித்தான் இவ்வளவு ரீஃபண்ட் வாங்கியிருக்கீங்க." தொகையையும் சொன்னார். அத்தை கைக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னவன், தொகையையே குறைத்துச் சொல்லி மிச்சத்தையும் அமுக்கியிருக்கிறான்.

அத்தைக்குப் பணம் பெரிதாகத் தெரியவில்லை. "செத்துப் போனவரைப் படுக்கையில போட்டுட்டானே," என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை எழுதினது இவ இல்லைங்க. வேறொருத்தன்," என்றார் மாமா.

"தெரியுது சார். நிறைய இடத்துல நடக்குது. ஆனா யார் எழுதினாலும், கையெழுத்து யாரோடதோ அவங்கதான் பொறுப்பு. அதனாலதான் நிரப்பாத தாள்ல கையெழுத்துப் போடாதீங்க, என்ன எழுதறாங்கன்னு படிச்சுப் பாருங்க, ஒரு காப்பி வாங்கி வச்சுக்கங்கன்னு தொண்டை கிழியச் சொல்றோம்." அவர் தும்மிவிட்டுத் தொடர்ந்தார். "ஒரு நல்லது. நாங்க கண்டுபிடிச்சு நோட்டீஸ் அனுப்புறதுக்கு முன்னாடி நீங்களாவே வந்துட்டீங்க. கணக்கைத் திருத்தித் தாக்கல் பண்ணுங்க. அதிகமா வந்த பணத்தைத் திருப்பிக் கட்டணும், அபராதம் கொஞ்சம்தான் வரும். தவணையில கட்டலாம். இன்னொண்ணு, நீங்க மாவு, சர்க்கரை, வெண்ணெய், கேக் பெட்டி வாங்கின செலவு எதுவுமே இதுல இல்லையே? அது நிஜமான செலவுதானே? பில் இருந்தா அதைக் கழிக்கலாம். வீட்டு கரண்ட் பில்லுல ஓவனுக்கு ஆகற பங்கைக்கூடக் காட்டலாம். பொய்யைக் காட்டினவன் உண்மையை விட்டுட்டான்."

அத்தைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. பிறகு அந்த அம்மா, மாமாவின் கணக்கையும் பார்க்கலாமா என்று கேட்டார்.

"என்னோடது எதுக்கு?" மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க விருப்பம் சார்."

விருப்பம் என்று சொன்னதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. இருந்தாலும், மடியில் கனம் இல்லை என்று தன் வரி எண்ணைக் கொடுத்தார். அதிகாரி நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

"கடை வாடகை கொடுக்கறீங்க இல்ல?"

"கொடுக்கறேன்."

"கம்ப்ரசர், காஸ், வயர், டூல்ஸ், வேன் பெட்ரோல் எல்லாம் காசு கொடுத்துத்தானே வாங்கறீங்க?"

"ஓசியில யார் கொடுக்கறா?"

"அப்புறம் ஏன் சார் ஒரு செலவைக்கூட இதுல காட்டலை? வந்த பணம் அத்தனைக்கும் வரி கட்டியிருக்கீங்க, லாபத்துக்கு மட்டும் கட்டினா போதும்கறது தெரியாதா?"

மாமா தொண்டையைச் செருமினார். "செலவு எழுதற கட்டத்தைப் பார்த்தேன். நம்மை மாட்டிவிடத்தான் வச்சிருக்காங்கன்னு தோணிச்சு. விட்டுட்டேன்."

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை மாமா இன்றுவரை சொல்லிச் சொல்லி நொந்துகொள்வார். வீட்டில் ஒவ்வொரு காசையும் குடைந்து கேட்டவர், வருஷா வருஷம் கட்ட வேண்டாத பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். "போன சில வருஷத்துக்குத் திருத்தி எழுதினா உங்களுக்குத் திரும்பி வரும்" என்றார் அதிகாரி. மாமாவுக்கு அதை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "உங்க அக்கவுண்டுக்கே நேரா வரும் சார்," என்று அந்த அம்மா சேர்த்துச் சொன்ன பிறகுதான் முகம் கொஞ்சம் இளகியது.

அடுத்த நாள் மாமா தெருவில் இறங்கினார். கண்ணாடிக் கடை, பார்லர், டெய்லர், மருந்துக் கடை என ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உங்க பேர்ல என்ன எழுதியிருக்கான்னு போய்ப் பாருங்க, நோட்டீஸ் வர்றதுக்குள்ள போங்க" என்றார். ஒருவரும் அசையவில்லை. புலி வருது, புலி வருது என்று ஊரை எத்தனை தடவைதான் எழுப்புவது? புதிதாகப் போட்ட தெருவிளக்கைக்கூடச் சந்தேகப்பட்டவர் அவர். இப்போது நிஜப் புலி வந்து நிற்கிறது, இவர் வாய்க்கு மதிப்பில்லை. "நம்ம 'எதுக்கு' அண்ணனுக்கு இந்த வாரம் இதுவா?" என்று பார்லர் அக்கா கேலி செய்தாள்.

மாமா தலை தொங்க வீட்டுக்கு வந்தார். அத்தை கையைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"நீ எங்கே போறே?"

"நான் சொல்லிட்டு வர்றேன்."

"உன் பேர் கெட்டுடும். அவனை நம்பி ஏமாந்தவள்னு சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவள் போய்ப் பார்லரில் உட்கார்ந்து, செத்துப்போன தன் அப்பாவைப் படுக்கையில் போட்ட கதையைச் சொன்னாள். யாரையும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லாதவள், தன்மேலேயே குற்றத்தை வைத்துச் சொல்லும்போது யார் நம்பாமல் இருப்பார்கள்? பார்லர் அக்கா பாதி முடி வெட்டிய வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். அறை பூட்டியிருந்தது. பலகையைக் கழற்றியிருந்தார்கள். மருந்துக் கடைக்காரருக்கும் வாடகை பாக்கியாம்.

பார்லர் அக்காவுக்குப் பிறக்காத இரண்டு பிள்ளைகள் கணக்கில் இருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர், தான் கேள்விப்பட்டே இராத ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு அள்ளிக் கொடுத்திருந்தார். வரிசையாகப் போய்த் திருத்தினார்கள். வெட்கப்பட்டுப் போகாமல் இருந்த டெய்லருக்கு மட்டும் பிறகு நோட்டீஸ் வந்தது. அவருக்குத்தான் அபராதம் அதிகம். அந்த ஆலோசகர் வேறெங்கோ பலகை மாட்டியிருப்பதாகப் பேச்சு. பிடிபட்டாரா என்பது யாருக்கும் தெரியாது.

மாமாவின் பழைய பணம் மெதுவாக வந்து சேர்ந்தது. அதிலிருந்து அத்தையின் தவணைகளைக் கட்டிவிடலாம் என்றார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "என் தப்பு, என் கேக்லயே கட்டிக்கறேன்" என்று கட்டி முடித்தாள். அந்த மாதங்களில் இருவருக்கும் பேச்சு அளவாகத்தான் இருந்தது. ஒரு தடவை என்னிடம் மாமா சொன்னார்: "அவன் ஏமாத்தினது வெறும் பணத்தைத்தான். அவ எனக்குப் பயந்து மறைச்சாளே, அதை எந்த ஆபீஸ்ல போய்த் திருத்தறது?"

இப்போது கடைக்கு ஒரு அக்கவுண்ட், வீட்டுக்கு ஒன்று, கேக்குக்குத் தனியாக ஒன்று. வருகிற பணத்தில் வரிக்கென்று ஒரு பங்கை இருவரும் அப்போதைக்கப்போது ஒதுக்கிவிடுகிறார்கள். வருஷக் கணக்கை ஒரு கணக்காளரம்மாதான் பார்க்கிறார். தொகையில் பங்கு கேட்கமாட்டார், வேலைக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவார். அவரைத் தேர்ந்தெடுத்தது அத்தை. மாமா அவர் பதிவு எண்ணை மட்டும் ரகசியமாகச் சரிபார்த்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடும் நாளில் அத்தை தன் தாள்களை ஒவ்வொன்றாகத் தானே படிக்கிறாள். புரியாததைக் கணக்காளரம்மாவிடம் கேட்கிறாள். மாமாவிடம் காட்டுவதில்லை. அவர் பக்கத்து அறையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பழைய ஃபிரிட்ஜ் தெர்மோஸ்டாட்டைக் கையில் வைத்துத் துடைத்தபடி உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக. இதுவரை அவள் கூப்பிடவில்லை. அவரும் எட்டிப் பார்க்கவில்லை.